ஹாலிஃபாக்ஸ் காப்பகமும் ஆன் லிஸ்டரின் டைரிகளும்

கேள்வி இதுதான்: தலைநகரங்களில் இருக்கும் பெரிய காப்பகங்களை விடுங்கள், ஒரு மாவட்டத்துக்கோ வட்டாரத்துக்கோ உரிய சின்ன ஆவணக் காப்பகம் பொதுமக்களை எப்படி உள்ளே வரவழைக்கிறது? அங்கே கிடக்கும் தாள்கள் நாவலாகவும் டிவி தொடராகவும் பாட்டாகவும் மாறுவது எப்படி நடக்கிறது?

வழக்கமான பதில்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. கண்காட்சி வைக்கலாம், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரலாம், பழைய புகைப்படங்களைச் சமூக ஊடகத்தில் போடலாம். இவற்றில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இப்படி வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். காப்பகம் தன் வேலையிலேயே ஒரு பங்கை வெளியாட்களிடம் கொடுக்கும்போதுதான் அவர்கள் தங்குகிறார்கள். புத்தகமும் தொடரும் பிறப்பதும் பெரும்பாலும் அப்படித் தங்கிப்போனவர்களிடமிருந்துதான். இதைச் சும்மா கொள்கையாகச் சொல்வதைவிட, எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஹாலிஃபாக்ஸ் என்று ஓர் ஊர். கம்பளித் துணியால் வளர்ந்தது. மேற்கு யார்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்துக்கு பிராட்ஃபோர்டு, லீட்ஸ், வேக்ஃபீல்டு, ஹடர்ஸ்ஃபீல்டு, ஹாலிஃபாக்ஸ் என்று ஐந்து இடங்களில் கிளைகள் உண்டு. ஹாலிஃபாக்ஸ் கிளை இருப்பது ஊரின் மத்திய நூலகக் கட்டடத்தில். எந்த வட்டாரக் காப்பகத்திலும் இருப்பவைதான் அங்கேயும் இருக்கின்றன: நிலப்பத்திரங்கள், சபைத் தீர்மானங்கள், மில் கணக்குகள், குடும்பக் கடிதங்கள். அவற்றோடு ஒரு பெண்ணின் டைரிகளும்.

அவர் பெயர் ஆன் லிஸ்டர். 1791-இல் பிறந்தவர், 1840-இல் இறந்தவர். ஊரை ஒட்டிய ஷிப்டன் ஹால் என்ற பழைய வீட்டின் எஜமானி. 1826-இல் பெரியப்பா முறையானவர் இறந்தபின் பண்ணையும் நிர்வாகமும் அவர் கைக்கு வந்தன. குத்தகை வசூல், நிலக்கரிச் சுரங்கம், கல் குவாரி என எல்லாவற்றையும் தானே பார்த்தார். பாரிஸில் உடற்கூறு படித்தார், பிரெனீஸ் மலைகளில் ஏறினார். பெண்களைத்தான் நேசித்தார், அதைத் தன்னிடம் மறைத்துக்கொள்ளவே இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், வெளியே எத்தனை டிகிரி, யார் வந்தார், எவ்வளவு பணம் செலவானது, இரவு என்ன நடந்தது என்று அத்தனையையும் எழுதி வைத்தார். மொத்தம் ஏறத்தாழ 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்தில் இருக்கிறது. கிரேக்க எழுத்துகள், எண்கள், அவரே வைத்துக்கொண்ட குறிகள் எல்லாம் கலந்து, சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட விடாமல் எழுதியது. காதலும் உடம்பும் பணக்கவலையும் அக்கம்பக்கத்தாரைப் பற்றிய கோபமும் பெரும்பாலும் அந்தப் பகுதிகளில்தான்.

இந்தச் சங்கேதத்தின் தொடக்கத்தில் நமக்குச் சம்பந்தமுள்ள ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆன் லிஸ்டருக்குப்பின் வீடும் தாள்களும் கைமாறி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லிஸ்டர் என்ற உறவினரிடம் இருந்தன. அவர் ஊர் வரலாற்றில் பைத்தியமாக இருந்தவர், பின்னாளில் ஹாலிஃபாக்ஸ் தொல்பொருள் சங்கத்தின் முதல் தலைவர். 1887-லிருந்து சில ஆண்டுகள், டைரியின் சாதாரண எழுத்துப் பகுதிகளை உள்ளூர்ச் செய்தித்தாளில் தொடராக வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் வந்தன. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஹாலிஃபாக்ஸ் அரசியலும் சமூகமும்தான் அதில் பொருள். இந்த டைரி மக்களிடம் போன முதல் வழி டிவி இல்லை, ஊர்ப் பத்திரிகை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் சங்கேதத்தையும் படித்துப் பார்க்க ஆசை வந்தது. ஆர்தர் பரல் என்ற பள்ளி ஆசிரிய நண்பரோடு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளை வைத்து இரண்டை ஊகித்திருந்தார்கள். பழைய பத்திரங்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தாள் கிடைத்தது. 'கடவுளிடமே என்' என்று சாதாரண எழுத்தில் ஆரம்பித்து, கடைசிச் சொல் மட்டும் சங்கேதத்தில் இருந்தது. அது 'நம்பிக்கை' என்ற பொருளுள்ள நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லாகத்தான் இருக்க முடியும் என்று பிடித்தார்கள். ஊகம் சரியாயிற்று, மீதியும் திறந்துகொண்டது. படித்ததும் பரல் மிரண்டுபோனார். எரித்துவிடுங்கள் என்றார். ஆண்களுக்கிடையேயான உறவைத் தண்டிக்கும் சட்டம் 1885-இல்தான் இன்னும் இறுகியிருந்தது. பெண்களைப் பற்றிச் சட்டம் எதுவும் பேசவில்லை என்றாலும், குடும்ப மானம் என்ற ஒன்று இருந்ததே. ஜான் லிஸ்டர் எரிக்கவில்லை. டைரிகளை ஷிப்டன் ஹாலில் ஒரு மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டார். பத்திரிகைத் தொடரும் நின்றுபோனது.

எரிக்காமல் விட்டது பெரிய காரியம். ஆவண வேலையில் பாதிக்கு மேல் இதுதான்: வெளியிடத் துணிவில்லாத ஒன்றை அழிக்காமலாவது வைத்திருப்பது.

1933-இல் ஜான் லிஸ்டர் இறந்தார். அவர் கடனில் விழுந்திருந்ததால் வீடு ஏற்கனவே ஊருக்குப் போயிருந்தது. அடுத்த ஆண்டு அது அருங்காட்சியகமாகத் திறந்தது. தாள்கள் நகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. அப்போதைய நூலகர் எட்வர்ட் கிரீன், வயதாகிவிட்ட பரலுக்குக் கடிதம் எழுதிச் சங்கேதத்தின் திறவுகோலை வாங்கினார். அது நூலகத்தின் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. அவருடைய மகள் மியூரியல் கிரீன் 1930-களில் உட்கார்ந்து கடிதங்களை வகைப்படுத்திப் படியெடுத்தார். பின்னால் இந்தக் கதையைச் சொன்ன யாரும் இவருடைய பட்டியல் இல்லாமல் நகர்ந்திருக்க முடியாது, ஆனால் பின்னாளில் டைரியை வைத்து வந்த டிவி தொடரைப் பார்த்த லட்சக்கணக்கானவர்களில் இவர் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

1950-களின் கடைசியில் ஃபிலிஸ் ராம்ஸ்டன், விவியன் இங்கம் என்ற இருவர் டைரியை முறையாகப் படிக்க அனுமதி கேட்டார்கள். கிடைத்தது, ஆனால் நிபந்தனையோடு: 'தகாத' விஷயங்கள் எதுவும் வெளியே போகக்கூடாது, எழுதியதை முதலில் நகராட்சிக்குக் காட்ட வேண்டும். அதனால் அவர்கள் பயணங்களையும் மலையேற்றத்தையும் பற்றி எழுதினார்கள், மற்றதைத் தொடவில்லை. அவர்களைக் கோழைகள் என்று இன்று சொல்வது சுலபம். வருஷக்கணக்கில் உழைத்து அவர்கள் தயாரித்த சுருக்கக் குறிப்புகளைப் பின்வந்தவர்கள் பயன்படுத்தத்தான் செய்தார்கள்.

1980-களில்தான் கதவு திறந்தது. ஹெலினா விட்பிரெட் ஹாலிஃபாக்ஸ்காரர். நடுவயதில் பட்டம் படித்து முடித்துவிட்டு, எழுத ஏதாவது உள்ளூர் விஷயம் கிடைக்குமா என்று நூலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர்கள் மைக்ரோஃபிலிமைக் காட்டினார்கள். சங்கேத எழுத்தைப் பார்த்தவர் திறவுகோலின் நகலையும் கேட்டார். இப்போது யாரும் நிபந்தனை போடவில்லை. வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கங்களை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், எழுத்தெழுத்தாகப் பிரித்தார். 1988-இல் அவர் தொகுத்த பகுதிகள் புத்தகமாக வந்தன. அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படி வெளிப்படையாக எழுதியிருப்பாளா, இது யாரோ ஜோடித்த புளுகு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குப் பதிலாகக் காட்ட மூலம் காப்பகத்தில் இருந்தது. பத்து வருஷம் கழித்து ஜில் லிடிங்டன் என்ற வரலாற்றாசிரியர் 1830-களின் டைரிகளை எடுத்து, நிலம், நிலக்கரி, தேர்தல், திருமணம் எல்லாம் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று காட்டி இன்னொரு நூல் எழுதினார்.

இந்த இரண்டாவது நூலைப் படித்தவர்களில் ஒருவர் சாலி வெயின்ரைட். ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்தில் சோவர்பி பிரிட்ஜில் வளர்ந்தவர், சின்ன வயதில் ஷிப்டன் ஹாலுக்குப் போய் வந்தவர், பின்னாளில் பிரபலமான டிவி எழுத்தாளர். 2000-களின் தொடக்கத்திலேயே இந்தக் கதையைத் தொடராக எடுக்கலாம் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். யாரும் முன்வரவில்லை. 2016-இல் வெல்கம் அறக்கட்டளையின் திரைக்கதை உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: அந்தப் பணத்தைக் கொண்டு அவர் டைரிகளை ஸ்கேன் செய்ய உதவினார். தொடர் எடுக்க வேண்டியவர் முதலில் காப்பகத்துக்குச் செலவு செய்தார். அவருக்கும் லாபம்தான், வீட்டிலிருந்தே பக்கங்களைப் படிக்கலாம். ஆனால் அந்தப் படங்கள் காப்பகத்தின் சொத்தாயின. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பின்னால் இணையத்தில் வந்ததும் அவைதான்.

காப்பகமும் கலைஞரும் என்று பேசும்போது, கலைஞர் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்ற எண்ணமே நமக்கு இருக்கிறது. இங்கே ஓட்டம் இரண்டு பக்கமும் இருந்தது.

2019-இல் பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து 'ஜென்டில்மேன் ஜாக்' தொடரை ஒளிபரப்பின. சுரான் ஜோன்ஸ் ஆன் லிஸ்டராக நடித்தார். முதல் பருவம் 1832-இல் தொடங்கி, பணக்காரப் பக்கத்துவீட்டுக்காரி ஆன் வாக்கரோடு அவர் சேர்ந்து வாழ முடிவெடுப்பது வரை போகும். ஆன் லிஸ்டர் அவ்வப்போது கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுவார். சங்கேத டைரியின் அந்தரங்கக் குரலைத் திரைக்குக் கொண்டுவர அது நல்ல வழி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வரும் பாட்டோ தொடருக்காக எழுதியதே இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டுப் பக்கத்து நாட்டுப்புற இசை ஜோடியான ஓஹூலியும் டிடோவும் 2012-லேயே பாடி வெளியிட்டிருந்தது. ஒரு வட்டாரத்தில் கதை ஊறிக் கிடந்தால் இப்படித்தான். எங்கேயோ யாரோ முன்பே பாடி வைத்திருப்பார்கள்.

தொடர் வந்ததும் காப்பகத்துக்குக் கடிதமும் மின்னஞ்சலும் குவிந்தன. பெரும்பாலான சின்னக் காப்பகங்கள் இந்த இடத்தில்தான் திணறும். கூட்டம் வரும், ஆறு மாதம் பரபரப்பாக இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். மேற்கு யார்க்‌ஷயர் காப்பகம் கேட்டு வந்தவர்களிடம் வேலையைக் கொடுத்தது. டைரி முழுவதையும் படியெடுக்கும் திட்டம் 2019-இல் ஆரம்பித்தது. பல நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். காப்பகம் சில பக்கங்களின் படத்தை அனுப்பும், எப்படிப் படியெடுக்க வேண்டும் என்ற விதிமுறைகளைச் சொல்லும். தன்னார்வலர் தட்டச்சு செய்து அனுப்புவார், இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். பிறகு அந்தப் படி, பக்கத்தின் படத்தோடு சேர்ந்து, காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஏறும்.

சங்கேதம்தான் கஷ்டம் என்று நினைப்போம். அப்படி இல்லை. திறவுகோல் மனப்பாடமாகிவிட்டால் சங்கேதப் பகுதிகள் சுலபம், ஓர் எழுத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். சாதாரண எழுத்துதான் கண்ணைப் பிடுங்கும். பொடிப்பொடியாக, பாதிச் சொற்களைச் சுருக்கி, தாளை மிச்சம் பிடித்து எழுதியிருப்பார். ஊர்ப் பெயர், ஆள் பெயர், சுரங்க வேலைச் சொற்கள் எல்லாம் தெரிந்தால்தான் வரி பிடிபடும். காதல் கதையைத் தேடி வந்தவர் இரண்டு மாதத்தில் நிலக்கரி அடுக்குகளின் பெயர்களையும் கால்வாய்ப் பங்குகளின் விலையையும் கற்றுக்கொண்டிருப்பார். வருகிறவர்களை வரலாற்று மாணவர்களாக மாற்ற இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை. ஊரடங்குக் காலத்தில் வீட்டில் முடங்கியவர்களுக்கும் இந்த வேலை ஒத்துப்போனது.

இதன் பலன் காப்பகமே எதிர்பாராத ஒன்று. ஆன் வாக்கரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அதுவரை பெரும்பாலும் ஆன் லிஸ்டர் எழுதியதுதான். அவர் எழுத்தில் வாக்கர் அழுதுகொண்டே இருப்பார், தயங்குவார், நோயில் படுப்பார். வாக்கரின் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று ஓர் ஆர்வலர் குழு தேட ஆரம்பித்தது. 2020-இல், அதே ஹாலிஃபாக்ஸ் காப்பகத்தில், ராசன் குடும்ப ஆவணங்களுக்கு நடுவே ஒரு சின்ன டைரி இருப்பதைக் கண்டார்கள். 1834 ஜூனிலிருந்து 1835 பிப்ரவரி வரை. எழுதியவர் ஆன் வாக்கர். பல வருஷங்களாக அங்கேயேதான் இருந்திருக்கிறது, யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தொடரில் நிலக்கரி விஷயத்தில் ஆன் லிஸ்டருக்குக் குடைச்சல் கொடுக்கிறார்களே, அதே ராசன் குடும்பம். அவர்கள் வாக்கர் குடும்பத்துக்கு உறவு. இப்போது ஒரே நாளை இருவரும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். வாக்கரின் குறிப்புகள் சுருக்கம்: கோயிலுக்குப் போனது, படம் வரைந்தது, வழியில் பார்த்த இடம். ஆனாலும் அது அவருடைய சொந்தக் குரல்.

கவனியுங்கள்: காப்பகத்தின் தாள் தொடரானது, தொடர் ரசிகர்களை உண்டாக்கியது, ரசிகர் காப்பகத்துக்குள் வந்து காப்பகத்துக்கே தெரியாத தாளை அடையாளம் காட்டினார்.

ஊரில் நடந்த மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷிப்டன் ஹாலுக்கு வருகிறவர்கள் சுமார் மூன்று மடங்கானதாக அப்போது செய்திகள் வந்தன. 2021-இல் ஹாலிஃபாக்ஸின் பழைய துணிச்சந்தையான பீஸ் ஹாலில் ஆன் லிஸ்டருக்குச் சிலை வைத்தார்கள், திறந்துவைத்தவர் சுரான் ஜோன்ஸ். அதே வருஷம் யார்க் பல்கலைக்கழகம் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தது. ஏப்ரலில் அவர் பிறந்தநாளை ஒட்டி ஒரு வாரம் விழா நடக்கிறது, வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். சின்ன ஊருக்கு இது நல்ல வருமானம்.

யார்க் நகரத்தில் நடந்த பெயர்ப்பலகைத் தகராறைச் சற்று நின்று பார்க்கலாம். 1834 ஈஸ்டர் அன்று அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருவரும் சேர்ந்து நற்கருணை வாங்கினார்கள். அதையே தங்கள் திருமணமாக வைத்துக்கொண்டார்கள். அதன் நினைவாக 2018-இல் ஒரு பலகை வைத்தார்கள். அதில் 'பாலின வழக்கத்துக்கு ஒத்துப்போகாத தொழில்முனைவோர்' என்ற பொருளில் எழுதி, லெஸ்பியன் என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். 2019 பிப்ரவரியில் பலகை மாறியது: லெஸ்பியன், நாட்குறிப்பாளர் என்று. எதிர்த்தவர்கள் வெறும் கோபத்தில் பேசவில்லை. அவர்களால் டைரியைக் காட்டிப் பேச முடிந்தது. தாள் திறந்து கிடக்கும் ஊரில் பொதுச் சண்டைகள்கூடத் தரமாக நடக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டிவி ஒருவரை எடுத்தால் நாயகியாக்கிவிடும். நிஜ ஆன் லிஸ்டர் பழமைவாத நிலச்சுவான்தார். தன் கட்சிக்கு ஓட்டுப் போடும்படி குத்தகைதாரர்களை நெருக்கியவர். வாக்கரின் சொத்தும் அவர் கணக்கில் இருந்தது, அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். தொடர் இதையெல்லாம் அடியோடு மறைக்கவில்லை, ஆனால் தொப்பியும் கருப்புக் கோட்டும் போட்டு விறுவிறுவென்று நடக்கிற ஒருத்தியின் கவர்ச்சிக்கு முன்னால் குத்தகைதாரர் கண்ணில் படமாட்டார். இதற்காகத் தொடரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பருவத்தின் எட்டு மணி நேரத்தில் 50 லட்சம் சொற்களைச் சொல்ல முடியாது. காப்பகம் மூலத்தைத் திறந்து வைத்திருந்தால் போதும், பார்க்கிறவர்களில் நூற்றில் ஒருவர் போய்ச் சரிபார்ப்பார். அந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்.

இன்னொரு சங்கடம், ஒரு தொகுப்பின் புகழ் மற்றவற்றின் மேல் நிழலாக விழுவது. மேற்கு யார்க்‌ஷயர் காப்பகத்தில் 1704 முதலான நிலப்பதிவு ஏடுகள் இருக்கின்றன, பழைய மனநல மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் இருக்கின்றன. பல்லாயிரம் சாதாரண மனிதர்களின் வாழ்க்கை அவற்றில் இருக்கிறது. ஆனால் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான் வாயில் வரும்.

எல்லா ஊருக்கும் ஓர் ஆன் லிஸ்டர் கிடைப்பாரா என்று கேட்பீர்கள். கிடைக்க மாட்டார். அதே வட்டாரத்தில் இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் இருக்கிறது. ஹாலிஃபாக்ஸுக்கு மேற்கே கிராக் வேல் என்ற பள்ளத்தாக்கில் 1760-களில் ஒரு கள்ள நாணயக் கூட்டம் இருந்தது. நல்ல தங்க நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டி, சுரண்டலை உருக்கிப் புது நாணயம் அடிப்பார்கள். தலைவன் டேவிட் ஹார்ட்லி, ஊரார் அவனை ராஜா என்றே கூப்பிட்டார்கள். விசாரிக்க வந்த வரி அதிகாரி வில்லியம் டெய்டன் 1769 நவம்பரில் ஹாலிஃபாக்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹார்ட்லியை 1770-இல் யார்க்கில் தூக்கிலிட்டார்கள். நெசவாளரும் விவசாயியுமான அந்தக் கூட்டத்தார் டைரி எழுதவில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது எல்லாம் அவர்களைப் பிடித்தவர்கள் எழுதியது: வாக்குமூலம், வழக்குக் கடிதம், பத்திரிகைச் செய்தி. 1906-இலேயே ஓர் உள்ளூர் அருங்காட்சியகக் காப்பாளர், லிங் ராத், இந்தத் தாள்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். பெஞ்சமின் மையர்ஸ் 2017-இல் இதை நாவலாக எழுதினார், பக்கத்து ஊர் ஹெப்டன் பிரிட்ஜில் இருக்கும் சின்னப் பதிப்பகம் வெளியிட்டது. மறு வருஷம் வரலாற்று நாவலுக்கான வால்டர் ஸ்காட் பரிசு கிடைத்தது, 2023-இல் பிபிசி தொடரானது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஆன் லிஸ்டர் விஷயத்தில் எழுத்தாளரின் வேலை வெட்டுவது, அவ்வளவு இருக்கிறது. ஹார்ட்லி விஷயத்தில் வேலை இட்டு நிரப்புவது. அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று எந்தத் தாளும் சொல்லாது, நாவலாசிரியர்தான் அவனுக்கு ஒரு மொழியைச் செய்து கொடுத்தார். ஆகவே பொக்கிஷம் இல்லையே என்று ஒரு காப்பகம் கவலைப்பட வேண்டியதில்லை. கிழிசல் தாள்களும் போதும். ஆனால் அந்தக் கிழிசல் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதி வைத்த பட்டியல் வேண்டும், கேட்டு வருகிறவரிடம் முகம் சுளிக்காத ஆள் வேண்டும். இரண்டு கதைகளிலும் முதல் படியைப் போட்டவர்கள் உள்ளூர் ஆர்வலரும் நூலகரும் காப்பாளரும்தான். டிவிக்காரர்கள் நூறு வருஷம் கழித்து வந்தார்கள்.

சரி, தள்ளி வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆன் லிஸ்டரின் சங்கேத எழுத்து பள்ளிக்கூடத்தில் பிறந்தது. யார்க்கில் விடுதிப் பள்ளியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவள் எலைசா ரெயின். பிறந்தது நம் மதராஸில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், அம்மா ஓர் இந்தியப் பெண். அப்பா இறந்ததும், மதராஸில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்னொரு மருத்துவரின் பொறுப்பில் எலைசாவும் அக்காவும் யார்க்‌ஷயருக்குப் போனார்கள். பள்ளியில் இரு பெண்களுக்கும் காதல். ஒருவருக்கொருவர் ரகசியமாக எழுதிக்கொள்ளத்தான் அந்தச் சங்கேதம். 1806 ஆகஸ்டில் எலைசா விடுமுறை முடிந்து கிளம்பிப் போனாள் என்ற குறிப்போடுதான் ஆன் லிஸ்டரின் டைரியே ஆரம்பிக்கிறது. பின்னால் ஆன் மற்றவர்களிடம் போய்விட்டார். எலைசா இருபதுகளிலேயே மனநோயாளி என்று அடைக்கப்பட்டு, 1860-இல் இறக்கும்வரை பிறர் கண்காணிப்பிலேயே இருந்தாள். அவள் எழுதிய கடிதங்கள் ஆன் லிஸ்டரின் தாள்களோடு ஹாலிஃபாக்ஸில் இருக்கின்றன.

தொடரில் அவளுக்கு இடமில்லை, கதை நடக்கும் காலமே வேறு. ஆனால் படியெடுத்தவர்களும் ஆராய்ந்தவர்களும் அவளை விடவில்லை. 2023-இல் எம்மா டோனஹ்யூ அந்தப் பள்ளி நாட்களை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதன் மையத்தில் இருப்பவள் எலைசாதான்.

அவள் கதையின் முதல் பாதி ஹாலிஃபாக்ஸில் கிடைக்காது. அப்பாவின் வேலைப் பதிவுகளைக் கம்பெனியின் மதராஸ் ஆவணங்களில் தேட வேண்டும். அவற்றில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இன்னொரு பகுதி நம் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். அம்மாவைப் பற்றி அங்கேயும் ஓரிரு வரிக்கு மேல் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை, கம்பெனிக் குமாஸ்தாக்கள் அப்படிப்பட்ட பெண்களின் பெயரை எழுதுவதில் கஞ்சர்கள். ஆனாலும் தேடிப் பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது: ஹாலிஃபாக்ஸ் பக்கத்து வேலையைச் சென்னையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். டைரிப் பக்கங்களும் படியும் இணையத்தில் இலவசம். எழும்பூர் பக்கத்துக்குத்தான் நேரில் போக வேண்டும்.